மறுதாம்பில் முளைத்த கொள்ளிவாய்

தனக்கொடி நாலு பேர் நடுவில் வாய் திறக்கமாட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் இரண்டு தடவை எச்சில் விழுங்குவாள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரமே அம்மா கலியம்மாளின் கூலியாள் செட்டில் சேர்ந்து கரும்பு வெட்டப் போய்விட்டாள். கரும்புக்குள் இறங்கிவிட்டால் யாரும் யாரையும் பார்க்க முடியாது. அங்கே பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும். பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கரும்பு வரிசைகளில் எந்தப் பாரில் எலி வளை இருக்கிறது, தோகை காய்ந்து உதிர்ந்த எந்தச் சோகைக்கு அடியில் பாம்பு சட்டை உரித்திருக்கிறது என்பதெல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும்.

அப்படிப்பட்டவளின் படத்தைப் பாகூர் ரோட்டில் ஆளுயரப் பேனரில் போட்டு, "கொள்ளிவாய் வென்ற வீரமங்கை" என்று எழுதிவிட்டார்கள். ஒரு வருஷ வெயிலில் பேனர் வெளுத்து முகம் அழிந்துபோய், கையிலிருந்த கத்தி மட்டும் தெரிந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

கொள்ளிவாய் என்பது இந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர். டிவியில் டிராகன் என்றுதான் சொன்னார்கள். நாலைந்து வருஷமாகக் கடல் பக்கமிருந்து ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருந்தன. புயலுக்குக் கூண்டு ஏற்றுவதுபோல இதற்கும் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள், செல்போனில் எச்சரிக்கை அனுப்பினார்கள். போன மாசி மாதம் வந்தது, மூலக்குளத்தில் ஒரு டவர்மேல் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது. வில்லியனூர் வரைக்கும் வண்டிகள் நின்றன. ஆளாளுக்கு மாடியில் ஏறி வீடியோ எடுத்தார்கள். மறுநாள் அது தெற்கே பறந்து, அபிஷேகப்பாக்கத்து நெல் வயல்களை ஏறெடுத்தும் பார்க்காமல், பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கும் தணிகைவேலின் கரும்புத் தோட்டத்தில் இறங்கியது. இறங்கும்போது விட்ட ஒரே மூச்சில் ஏரிக்கரைத் தெருவில் ஒன்பது கூரை வீடுகள் சாம்பலாயின. அதில் தனக்கொடியின் வீடும் ஒன்று. போலீஸ் சுட்ட குண்டுகள் தகரத்தில் விழுந்த ஆலங்கட்டி மாதிரி அதன் முதுகில் பட்டுத் தெறித்தன. அது பாட்டுக்கு அரை ஏக்கர் கரும்பை மென்றுவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்போலக் கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது.

அது இறங்கியதுமே, உள்ளே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடியிருந்தார்கள். தனக்கொடி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். குரல் வரவில்லை. சோகைக்குள் குந்தியிருந்தவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தக் கழுத்து கிடந்தது. கரும்பு மாதிரியே கணுக் கணுவாக இருந்தது. இரண்டு கணுவுக்கு நடுவில் செதில் இல்லாத மெல்லிய தோல். வேறு வழி தெரியாமல் கத்தியை ஓங்கினாள். ஒரே வெட்டு.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். தெரியாத ஒன்று உண்டு.

வெட்டிய அந்த நொடியிலேயே, மேலாக வெட்டிவிட்டோம் என்று அவள் கைக்குத் தெரிந்துபோனது. கரும்பைத் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். ஒரு சாண் கட்டை விட்டால் அந்தக் கட்டையின் கணுவிலிருந்து மறுபடி முளை கிளம்பும். செட்டுக்கு மேஸ்திரியான கலியம்மாள் பொழுது முழுக்கக் கத்துவதே இதைத்தான். "கட்டை வுடாத! குனிஞ்சி வெட்டு!" தனக்கொடி அன்றைக்குக் குனியவில்லை. உடம்போடு சேர்ந்த இடத்தில் வெட்டாமல் ஒரு சாண் கழுத்தை விட்டுவிட்டாள். அதில் ஒரு முழுக் கணு இருந்தது.

தலையைப் பட்டணத்து ஆபீசர்கள் லாரியில் கொண்டுபோனார்கள். உடம்பைச் சுண்ணாம்பு போட்டு எரிக்கச் சொன்னார்கள். தணிகைவேல் குறுக்கே வந்து விழுந்தார். "ஆட்டு எருவுக்கே கரும்பு இந்தப் போடு போடுது. இவ்ளோ பெரிய ஒடம்பு! நம்ம நெலத்துலயே பொதைங்க" என்றார். ஆபீசர்களுக்கும் வேலை மிச்சம். ஜேசிபி தோண்டிய குழி ஆழமாக இருந்த அளவுக்கு அகலமாக இல்லை. அதனால் வாலை முதலில் இறக்கி, வெட்டுப்பட்ட கழுத்து மேலே இருக்கும்படி நிறுத்தி மண்ணைத் தள்ளினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தனக்கொடிக்கு அது புதைத்த மாதிரித் தெரியவில்லை. விதைக்கரணை நட்ட மாதிரித் தெரிந்தது.

கொம்யூன் பஞ்சாயத்தில் பாராட்டு விழா வைத்து அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "ஒரு சாண் கட்டை இருக்குது, தோண்டி எடுத்துடுங்க" என்று சொல்லத்தான் எழுந்தாள். முன்னால் முந்நூறு பேர். "வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு அடக்கம் பார் என்று கை தட்டினார்கள்.

தணிகைவேல் மறுபடி கரணை நடவில்லை. வெட்டிய கரும்பின், மண்ணுக்குள் இருக்கும் வேரடியிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பையே விட்டு வளர்த்தார். எந்த மறுதாம்பும் முதல் பயிரைவிடச் சிறுத்துத்தான் வரும். இது பதினாறு அடி வளர்ந்தது. அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். தனக்கொடி வருஷம் முழுக்க அந்த வரப்பு வழியாகவே வேலைக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்த பத்தாம் நாள் ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தது. காலை ஏழு மணிக்கு இருபது பேர் கத்தியோடு வரப்பில் நின்றார்கள். நல்ல பனி. சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் சோகையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தோட்டத்தின் ஓரங்களிலும் சொட்டியது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் காய்ந்து மொறமொறவென்று நின்றது. பக்கத்து நெல் வயலில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. இந்த வரப்பில் ஒன்றுகூட இல்லை.

தனக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்தாள். தை மாதக் காலையில் மண் வெதுவெதுவென்று சுட்டது. 

"இன்னாடி தனம், பூமாதேவிக்கு ஜொரம் பாக்கிறியா?" என்றாள் ஜோஸ்பின். செட்டில் அவளுக்கு அடுத்த பார் எப்போதும் ஜோஸ்பினுடையதுதான். ஐந்து வயது மூத்தவள். தனக்கொடி பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

"யக்கா, இங்கயே இரு. தோ வந்துடறன்."

சோகையை விலக்கிக்கொண்டு தனக்கொடி உள்ளே போனாள். பத்துப் பார் தாண்டியதும் வியர்த்தது. பதினைந்தாவது பாரில் கரும்புகள் தானாகவே விலகி நின்றன. நடுவில் இரண்டு குருத்துகள்.

பார்த்ததும் யாருக்கும் மூங்கில் குருத்து என்றுதான் தோன்றும். ஒவ்வொன்றும் அவள் இடுப்புப் பருமன், தலைக்குமேல் ஒரு முழம் உயரம். கருநீலமாக, பட்டை மேல் பட்டை சுற்றி, நுனி கூராக மூடியிருந்தது. அடியில் மண் வெடித்து ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ சாற்றை உறிஞ்சி விழுங்குகிற மாதிரிக் கடக் கடக்கென்று சத்தம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இடதுபக்கக் குருத்தில் ஒரு பட்டை லேசாக விலகியது. மஞ்சளாக ஒரு கண் அவளைப் பார்த்தது. அப்புறம் தூக்கக் கலக்கத்தில் மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது அவள் ஓடவில்லை. காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தாள். கரும்புக் குருத்தானாலும் வாழைக் குருத்தானாலும் வெயில் ஏறினால்தான் விரியும். உச்சிப் பொழுது வரைக்கும் நேரம் இருக்கிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. தென்மேற்கில், இருநூறு அடியில் ஏரிக்கரைத் தெரு. நாற்பது கூரை வீடுகள். எரிந்துபோன ஒன்பதையும் இந்தப் பொங்கலுக்குத்தான் புதுக் கீற்றுப் போட்டு முடித்திருந்தார்கள். இரண்டு வாய் திறந்து ஒரு மூச்சு விட்டால் போதும்.

"ரெண்டு தல" என்று ஜோஸ்பினின் காதோரம் சொன்னாள்.

"இன்னா ரெண்டு தல?"

"அதுதான். போன வருஷத்துது. மொளைச்சிருக்குது."

ஜோஸ்பின் அவள் முகத்தைப் பார்த்தாள். தனக்கொடி பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. பேசியே அவ்வளவாகப் பார்த்ததில்லை. அடுத்த நொடி, "ஏசுவே! எல்லாரும் வெளிய வாங்க! ஒருத்தரும் உள்ள எறங்காதீங்க! கொள்ளிவாய் மொளைச்சிருக்குது!" என்று தோட்டமே அதிரக் கத்தினாள்.

தணிகைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "காலையில இன்னா கூத்து இது? லாரி பன்னெண்டு மணிக்கு வந்துடும். கூண்டு ஏத்தலை, போன்ல மெசேஜ் வரலை. எந்தக் கொள்ளிவாயி?"

"மெசேஜ் வானத்துல வர்றதுக்குத்தான் அனுப்புவாங்க. இது தரையிலேருந்து வருது" என்றாள் ஜோஸ்பின்.

"சாரைப் பாம்பைப் பாத்துட்டு வந்து சொல்லுது. ஒரு தடவை பேனர் போட்டதும் போட்டாங்க, வருஷா வருஷம் கேக்குதா ஒங்களுக்கு? கலியம்மா, ஆளுங்களை எறக்கு."

கலியம்மாள் ஆட்களை இறக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிலும் செட்டிலேயே வேகமான கை அவளுடையது. யார் தப்பாக வெட்டினாலும் அந்த இடத்திலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மகள் என்றால் இரண்டு மடங்கு.

"இன்னாடி செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள்.

தனக்கொடி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். கரும்பு நிலத்தை நெல்லுக்கு மாற்றும்போது என்ன செய்வோமோ அதுதான். தண்ணீரைக் கட்டி நிலத்தை முழுகடிக்க வேண்டும். சூடு அடங்கியதும் மண்ணுக்குள் கட்டையைச் சீவி எடுக்க வேண்டும். தண்ணீருக்கு ஏரி இருக்கிறது. மதகுக்குக் கீழே முதல் நிலமே இதுதான்.

எல்லாரும் மதகுக்கு ஓடினார்கள். மதகு திறக்கும் வேலை நடேசனுடையது. மேடைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர், கும்பலைப் பார்த்ததும் அணைத்துவிட்டார்.

"தண்ணியா? இப்பவா?" என்றார். "சம்பா அறுப்புக்கு நிக்குதும்மா. வயல்ல தண்ணிய வடிச்சிட்டு ஒக்காந்திருக்கிறாங்க. இப்ப தெறந்தன்னா அத்தினி நெல்லும் சாஞ்சிடும். ஆபீஸ்லேருந்து பேப்பர் வேணும்."

"பேப்பர் வர்றதுக்குள்ள தெருவே பொகையும், அண்ணே!"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் ஜோஸ்பினு? ஒன் பேச்சைக் கேட்டு ஷட்டரைத் தூக்கினா, நாளைக்கு எவன் கையெழுத்துப் போடுவான், நீ போடுவியா?"

"எதுக்குத் தூக்கணும்?" பின்னாலேயே வந்துவிட்ட தணிகைவேல் கத்தினார். "வெட்டு நாள்ல கரும்புல தண்ணி கட்டினா லாரி எப்பிடி எறங்கும்? ஒரு வருஷத்துப் பயிரு! அது செத்த பொணம். செத்தது எங்கயாவது மொளைக்குமா?"

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. தனக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். வெயில் பனங்கொல்லைக்கு மேலே வந்துவிட்டது. தோட்டத்தின் நடுவில் மெல்லிசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மதகு மேடைமேல் நின்றிருந்தாள். இருபது முகமும் அவள் பக்கம் திரும்பியது. எச்சில் விழுங்கினாள். இன்னொரு தடவை விழுங்கினாள்.

"நான் கட்டை வுட்டு வெட்டிட்டன்" என்றாள்.

கத்திக்கொண்டிருந்தவர்கள் மேடையை நெருங்கி வந்தார்கள்.

"போன வருஷம். பயத்துல குனியல. ஒரு சாணு மேல வெட்டிட்டன். ஒரு கணு அப்பிடியே நின்னுப் போச்சி. விழாவுல சொல்லலாம்னு எழுந்தன், வாய் வரல. அப்பறமும் சொல்லல. வருஷம் முழுக்கப் பாத்துகினே இருந்தன், சொல்லல. தப்பு என்னுது. நாப்பது வூடும் போனா என்னாலதான் போவும்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஐயா, உங்க மறுதாம்பு ஏன் பதினாறு அடி போச்சின்னு நெனைக்கிறீங்க? அடியில சூடு இருக்குது. நடேசன் மாமா, வயலுக்குப் போற வாய்க்காலை மண்ணு மூட்டை போட்டு அடைச்சிடுவோம். இந்த நெலத்துக்கு மட்டும் தண்ணி வுடு. கையெழுத்து நான் போடறன்."

நடேசன் பீடியைக் கீழே போட்டார். இந்தப் பெண் பேசி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியும்" என்றாள் கலியம்மாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "வெட்டைப் பாத்த அன்னிக்கே தெரியும். ஊரே மாலை போட்டுகினு நிக்கிது, நான் பெத்ததைப் பாத்து கட்டை வுட்டுட்டியேடின்னு எப்பிடிக் கத்துவன்? வாய மூடிகினன். எனக்கும் பங்கு இருக்குது அதுல."

தனக்கொடி அம்மாவைப் பார்ப்பதற்குள் தோட்டத்தின் நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரஷர் குக்கர் நூறு ஒன்றாக விசில் அடித்த மாதிரி. ஆவி பனை உயரத்துக்கு எழும்பியது. நெல் வயல் கொக்குகள் மொத்தமாகக் கிளம்பி ஏரிப் பக்கம் பறந்தன.

தணிகைவேலின் வாயும் திறந்தது, மடித்துக் கட்டிய வேட்டியும் அவிழ்ந்தது. வேட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு, "தெறடா நடேசா!" என்றார்.

அதற்குப் பிறகு யாருக்கும் நிற்க நேரமில்லை. பாதிப் பேர் தெருவுக்கு ஓடி, வயசானவர்களையும் ஆடுகளையும் கிளப்பினார்கள். மீதிப் பேர் வயல் வாய்க்காலில் மூட்டை போட்டார்கள். நடேசன் மதகுத் திருகைச் சுற்ற, தண்ணீர் பழுப்பாக நுரைத்துக்கொண்டு தோட்டத்து வாய்க்காலில் பாய்ந்தது.

"தண்ணி பட்டதும் ரெண்டும் எழும்பும்" என்றாள் தனக்கொடி. "எழும்பினா காத்து போற பக்கம்தான் திரும்பும். தல ரெண்டையும் ரோட்டுப் பக்கம் இழுக்கணும். கொஞ்ச நேரம் போதும்."

"எதைக் காட்டி இழுக்கிறது?"

தனக்கொடி ரோட்டைக் காட்டினாள். புளியமரத்தடியில் ஜோஸ்பினின் புருஷன் எழிலரசன் கரும்புச்சாறு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொள்ளிவாய்க்குக் கரும்பைவிடப் பிடித்தது எதுவும் இல்லை என்பதைப் போன வருஷமே அவள் பார்த்திருந்தாள்.

ஜோஸ்பின் சிரித்துவிட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "யோவ்!" என்று ரோட்டைப் பார்த்து ஓடினாள். "மிசினைப் போடுய்யா! கிராக்கி வருது!"

தனக்கொடி கத்தியை எடுக்கவில்லை. வாய்க்கால் வெட்ட வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். கட்டை சீவுவதற்குக் கத்தி ஆகாது. இன்னொரு மண்வெட்டியோடு கலியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ வராதம்மா."

"நான் மேஸ்திரி. நீ என்னை அனுப்பறியா? நட."

பத்தாவது பார் வரைக்கும் தண்ணீர் முன்னாலேயே போயிருந்தது. முதலில் ஜில்லென்று இருந்தது, போகப் போகச் சுட்டது. ஆவியில் எதுவும் தெரியவில்லை. திடீரென்று சாக்கைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பட்டைகள் ஒவ்வொன்றாக விரிந்து விழுந்தன. இரண்டு கழுத்துகள் கரும்புக்கு மேலே நீண்டு எழும்பின. ஈரத் தலை இரண்டும் பிறந்த கன்றுக்குட்டிபோல ஆடின. வலதுபக்கத் தலை வாயைத் திறந்து காற்றடிக்கும் திசையைப் பார்த்தது. தெரு இருக்கும் திசை. தொண்டையில் சிவப்பாக ஒரு வெளிச்சம் ஏறியது.

அப்போது ரோட்டிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. சாறு மெஷினின் சக்கரத்தில் கட்டியிருக்கும் சலங்கை. ஜல் ஜல் ஜல். கூடவே கரும்புச்சாற்றின் மணம். தலை இரண்டும் ஒன்றாகத் திரும்பின. தெருவைப் பார்த்த வெளிச்சம் தொண்டைக்குள்ளேயே இறங்கியது. கழுத்துகள் கரும்பைச் சாய்த்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நீண்டன. ரோட்டில் எழிலரசன் குடத்தைச் சாய்த்து மண்ணில் ஊற்றிக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தான். "வாங்க சார்! ரெண்டு பேருக்கும் உண்டு! ஐஸ் வேணுமா, வேணாமா?" என்று மெஷின் சக்கரத்தைச் சுற்றியபடி ஜோஸ்பின் கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது.

"வெட்டுடி" என்றாள் கலியம்மாள்.

இருவரும் குனிந்து மண்ணைப் பறித்தார்கள். வெந்நீர் முழங்காலைத் தொட்டது. ஒரு முழம் தோண்டியதும் மண்வெட்டி நங்கென்று மோதியது. தனக்கொடி கையை விட்டுத் துழாவினாள். வழவழவென்று, சரிவாக, ஒரு வெட்டுத் தழும்பு. அவளுடைய வெட்டுதான். அதற்குக் கீழே ஒரு சாண் கட்டை, கட்டையின் கணு, கணுவின் இரண்டு பக்கமும் இரண்டு முளை. வருஷம் முழுக்கக் கண்ணை மூடினால் தெரிந்த அதே இடம். அதற்கும் கீழே, உடம்போடு சேரும் இடம் மட்டும் மெத்தென்று இருந்தது.

அங்கே மண்வெட்டி இறங்க வேண்டுமானால் கொதிக்கிற மண் ஆற வேண்டும். வருகிற தண்ணீர் போதவில்லை. மண்வெட்டியின் பிடி வரைக்கும் சூடு ஏறியது. அதற்குள் ரோட்டில் சலங்கை நின்றுபோனது. வண்டியின் பெரிய குடை குபீரென்று எரிந்து எழும்பியதைத் தனக்கொடி பார்த்தாள். ஜோஸ்பினும் எழிலரசனும் கைகோத்துக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்கள். இடதுபக்கத் தலை திரும்பியது. ரோட்டை விட்டு, தெருவை விட்டு, தன் அடியில் நின்ற இருவரையும் பார்த்தது. காலையில் பார்த்த அதே மஞ்சள் கண்.

மதகு அங்கிருந்து இருநூறு கஜம். நடேசன் திருகைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றிருந்தார். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது.

தனக்கொடி நிமிர்ந்தாள்.

"மாமோ...வ்! முழுசாத் தூக்கு!"

இருபது வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது அத்தனையும் அந்த ஒரு கத்தலில் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தில் கொள்ளிவாய்கூட ஒரு நொடி தலையைப் பின்னுக்கு இழுத்தது. நடேசன் உதறிக்கொண்டு விழித்து, திருகைச் சுற்று சுற்றென்று சுற்றினார். தண்ணீர் சுவர் மாதிரி வந்தது. கரும்புகளை மடக்கிக்கொண்டு, இருவரையும் இடுப்பளவு தூக்கி, குழிக்குள் கவிழ்ந்தது. ஆவி வெடித்த வெடிப்பில் ஒன்றும் தெரியவில்லை. தனக்கொடிக்குக் கண் தேவைப்படவும் இல்லை. மண்வெட்டியைத் தழும்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, மெத்தென்ற இடத்தில் பதித்து, குனிந்தாள். முகம் தண்ணீருக்குள் போகிற வரைக்கும் குனிந்தாள். ஒரு இழுப்பு. அம்மாவின் மண்வெட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவளுடையதோடு முட்டியது. கட்டை மொத்தமாகப் பெயர்ந்து அவள் மார்பில் வந்து மோதியது.

வானத்திலிருந்து இரண்டு கழுத்தும் மாலை அறுந்து விழுவதுபோல விழுந்தன. ஒன்று தோட்டத்தில், இன்னொன்று ரோட்டோர வாய்க்காலில். வாய்க்காலில் விழுந்தது எழிலரசனுக்கு இரண்டு அடி தள்ளி. வாயிலிருந்து கடைசியாகக் கொஞ்சம் புகையும், கொஞ்சம் கரும்புச்சாறும் வந்தன.

கரையில் கத்தல், விசில், அழுகை எல்லாம் கேட்டன.  தனக்கொடி கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கலியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் காலால் துழாவி, அப்புறம் குந்திக் கையால் துழாவினாள். செட்டில் யார் வெட்டினாலும் கடைசியில் இப்படித்தான் தடவிப் பார்ப்பாள். நிறைய நேரம் தடவினாள். 

"ம்" என்றாள் கலியம்மாள். "கட்டை இல்ல."

"இன்னொரு வாட்டி பாரும்மா."

கலியம்மாள் இன்னொரு தடவை பார்த்தாள். "இல்லடி. வழிச்சி எடுத்திருக்கிற."

அதன் பிறகுதான் தனக்கொடி அழுதாள்.

இந்தத் தடவை உடம்பு முழுவதையும் தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு போட்டு எரித்தார்கள். தணிகைவேல் குறுக்கே வரவில்லை. பாதிக் கரும்பு சாய்ந்துபோயிருந்தது. மீதியை லாரி இறங்காததால் தெரு ஜனங்களே தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். அடுத்த போகம் அங்கே நெல்லுதான் என்று அவரே சொன்னார். எழிலரசன் வண்டிக்குப் புதுக் குடை வாங்கினான். எரிந்த குடையின் கம்பிகளை மட்டும் மரத்தில் தொங்கவிட்டு, வருகிறவர்களிடம் கதை சொல்லிச் சாறு விற்றான். புதுப் பேனர் போடுவதாக வந்தவர்களிடம், "வேணாங்க" என்று தனக்கொடியே சொன்னாள். ஒரே தடவையில் சொல்லிவிட்டாள்.

நாலாம் நாள் விடியலில் அவள் தனியாக அந்த வரப்புக்குப் போனாள். தண்ணீர் வடிந்து சேறு ஆறிக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடுப்பகுதிக்கு நடந்தாள். கால் விரல்கள் ஜில்லிட்டன. சாய்ந்து கிடந்த சோகைமேல் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் எப்படியோ அப்படியே, அந்த வட்டத்திலும் பனி முத்து முத்தாக நின்றது. பத்தடி தள்ளி ஒரு கொக்கு இறங்கி, அவளைச் சட்டை செய்யாமல் சேற்றைக் கொத்த ஆரம்பித்தது.

"இன்னாடி, ஜொரம் வுட்டுப் போச்சா?" ரோட்டிலிருந்து ஜோஸ்பின் கத்தினாள்.

"வுட்டுப் போச்சிக்கா!" என்று தனக்கொடி திருப்பிக் கத்தினாள். கொக்கு பயந்து எழும்பிப் பக்கத்துப் பாரில் போய் உட்கார்ந்தது.